ஆவணி பொறக்கட்டும் மாமா

காலையில் கடையைத் திறந்ததும் பாலகுமார் முதலில் தேடியது பினாயில் பாட்டிலைத்தான். சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தும் முன்பே அதைத் தேடினான் என்றால், நாற்றம் எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தெருவில் அவனுக்கு எலக்ட்ரிகல் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. பக்கத்தில் சிங்காரத்தின் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

"எலிதான் செத்துக் கெடக்குது. அந்த வீட்டுல என்னென்னத்தப் போட்டு வெச்சிருக்காரோ" என்று சொல்லிக்கொண்டே வாசலில் தாராளமாக ஊற்றினான்.

அவன் மனைவி அருள்மொழி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஒரு எட்டு போயி கதவத் தட்டிப் பாருங்களேன். பகல்லயும் லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்குது."

"போனா புடிச்சி ஒக்கார வெச்சிக்குவாரு. மறுபடி அந்தப் பேச்ச எடுப்பாரு. நீ உன் வேலையப் பாரு."

அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். மத்தியானத்துக்கு மேல் அந்த வீட்டு ஜன்னலில் ஈ மொய்க்க ஆரம்பித்தது. தெரு கூடியது. கதவை உடைத்தார்கள். சிங்காரம் கட்டிலுக்குக் கீழே, தண்ணீர்ச் சொம்பின் பக்கம் கை நீட்டியபடி கிடந்தார். எத்தனை நாளாக அப்படிக் கிடந்தார் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சிங்காரம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா யார், அம்மா யார் என்று அவருக்கே தெரியாது. கடலூர் ரயில்வே ஸ்டேஷனில் கைக்குழந்தையாகக் கிடந்தவரை யாரோ எடுத்துப் போய் அங்கே ஓர் அனாதை இல்லத்தில் சேர்த்தார்கள். வளர்ந்து, தொழில் கற்று, அண்ணாகிராமத்துப் பெண் முத்தம்மாளைக் கட்டிக்கொண்டு, சிதம்பரத்தில் சொந்தமாக வீடும் கட்டினார். பிள்ளை இல்லை. முத்தம்மாளும் போய்ச் சேர்ந்த பிறகு, வீடு மட்டும் மிஞ்சியது. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மாமாதான். வாய்க்கு வாய் மாமா என்று கூப்பிட ஐம்பது பேர் இருந்தார்கள். ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க ஆள் இல்லை.

பாலகுமார் பயந்து ஓடிய அந்தப் பேச்சு என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சித்திரையில் சிங்காரம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பாலு, இந்த வீட்ட நான் வளந்த இல்லத்துக்கு எழுதி வெச்சிரலாம்னு இருக்கேன். உயிலுக்கு ரெண்டு பேரு சாட்சி போடணுமாமே. நீ ஒரு ஆளு வா. உனக்குத் தெரிஞ்சவரு யாரையாச்சும் கூட்டியா."

பாலகுமாருக்குச் சுருக்கென்றது. நடுச்சுவரை இடித்தால் கடை இரண்டு மடங்கு ஆகும் என்று அவன் மனத்துக்குள் எப்போதோ இடித்தாயிற்று. யாருமில்லாத மனுஷன், நாளைக்கு ஒன்று ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் கைக்குத்தானே வரும் என்பது அவன் கணக்கு. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. நம் ஊரில் முடியாது என்று சொல்லத் தெரியாதவனுக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது.

"அக்கினி நச்சத்திரம் போவட்டும் மாமா" என்றான். போனது. "ஆடியில நல்ல காரியம் எதுக்கு? ஆவணி பொறக்கட்டும் மாமா" என்றான். ஆவணியும் பிறந்தது. புரட்டாசி பெருமாள் மாதம் என்றான். புரட்டாசி பெருமாள் மாதம் என்றான். மார்கழியில் யாராவது சொத்தெழுதுவார்களா என்று அவரையே திருப்பிக் கேட்டான். "உயிலுன்னு வாயெடுத்தாலே ஆயுசு கொறையும் மாமா" என்று பாசமாக வேறு சொன்னான். சிங்காரம் எல்லாவற்றையும் நம்பினார்.

சாக்குத் தீர்ந்ததும் அவரைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். அவர் வாசலில் நிற்பது தெரிந்தால் பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தான். தினமும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த அருள்மொழியையும் தடுத்தான். "கொழம்பு வாங்கிக்கிட்டு உயிலப் பத்திக் கேப்பாரு. வேணாம்" என்றான். அந்தக் கிண்ணம் போகாமல் நின்றதோடு, அந்த வீட்டுக்குள் ஆள் போவதும் நின்றது.

இப்போது ஆள் போய்விட்டார். அரசு ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வெளியே வரும்போது, பாலகுமார் மொட்டை அடித்து, மீசையையும் மழித்துக்கொண்டு தயாராக நின்றான். கொள்ளி வைக்கிறவன்தான் வாரிசு என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கெட்ட நேரம், அண்ணாகிராமத்திலிருந்து வந்து இறங்கிய முத்தம்மாளின் தம்பி சுப்பராயலுக்கும் அது தெரிந்திருந்தது. அவரும் மொட்டை.

சுடுகாட்டில் கொள்ளிச்சட்டியை எடுத்து நீட்டியதும் இரண்டு பேரும் கை நீட்டினார்கள்.

"நான் மச்சான்டா. எங்க அக்கா புருசனுக்கு நான்தான் வெப்பேன். நீ யாரு நடுவுல?"

"அக்கா செத்ததுக்கு அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா நீ? கூடவே இருந்தவன் நானு. எனக்கு அவரு அப்பா மாதிரி."

"அப்பா மாதிரியா? உங்கப்பன் இன்னும் உசுரோடதான்டா இருக்கான்!"

இவன் இழுக்க, அவர் இழுக்க, சட்டி இருவர் கைக்கும் நடுவில் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. நெருப்பு மண்ணில் சிதறியது. துணியால் சுற்றியிருந்த சிங்காரம் சிதையின் மேல் வெயிலில் காத்துக்கிடந்தார். வேறு சட்டி வாங்கிவர ஆளனுப்பினார்கள். சிதை அடுக்கியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உசுரோட இருந்தப்போ ஒரு புள்ளயும் இல்லன்னாங்க. செத்த ஒடனே ரெட்டப் புள்ள பொறந்திருச்சி" என்றார். யாரோ சிரித்தார்கள். கடைசியில் சுப்பராயலுக்கு இருமல் வந்த நேரம் பார்த்து, பாலகுமார் புதுச்சட்டியைப் பிடுங்கிக் கொள்ளி வைத்தான். வைத்த கையோடு ஒருவரைத் தன் போனில் போட்டோ எடுக்கவும் சொன்னான்.

அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினான். மஞ்சக்குப்பத்தில் வக்கீல் ராபர்ட்டின் அலுவலகம். போனை வாங்கிப் பார்த்த வக்கீல் திருப்பிக் கொடுத்தார்.

"கொள்ளி வெச்சா புண்ணியம் வரும். பட்டா வராது."

"என்னா சார் இப்பிடிச் சொல்றீங்க? ஊரே பாத்திச்சி சார்."

"ஊரு பாத்தா ஆச்சா? நீங்க அவரு புள்ளயா? மொறப்படி தத்து எடுத்தாரா? இல்லல்ல? அவரு பொண்டாட்டியோட தம்பிக்கும் சட்டப்படி பாத்தியத கெடையாது. அவரு ரத்தவழி ஒறவு யாருன்னே தெரியல. அப்பிடி ஆளே இல்லாத சொத்து அரசாங்கத்துக்குப் போயிடும். வருவாய்த்துறையில விசாரிச்சு, நோட்டீஸ் ஒட்டி, யாரும் பாத்தியத காட்டலன்னா எடுத்துக்குவாங்க."

"பக்கத்துலயே இருந்தவனுக்கு ஒண்ணுமே இல்லையா சார்?"

"பக்கத்துல இருந்தவன்னு சட்டத்துல ஒரு எடமும் இல்ல. அவரு ஒரு உயில் எழுதியிருந்தா கத வேற. யாருக்கு வேணும்னாலும் குடுத்திருக்கலாம். ஒரு வெள்ளத்தாள் போதும். அவரு கையெழுத்து, ரெண்டு சாட்சி கையெழுத்து. ரிஜிஸ்டர் பண்ணிட்டா நல்லது, ஆனா கட்டாயம்னு இல்ல. அர மணி நேர வேல. அதக்கூட அவரு பண்ணலையே, பாவம்."

பாலகுமார் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். அத்தோடு அவனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆசை பட்டென்று சாகாது. விசாரணைக்கு வருகிறவர்களிடம் நான்கு பேர் சேர்ந்து சொன்னால் நடக்காதா என்று, தெருவில் இரண்டு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேசி வைத்தான்.

விசாரணைக்கு வந்தவர் வருவாய் ஆய்வாளர் வெண்மதி. அருள்மொழியைவிட வயதில் சின்னவர். சிங்காரத்தின் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெரு முழுக்க நின்றது. சுப்பராயலும் அண்ணாகிராமத்திலிருந்து வந்திருந்தார்.

"சிங்காரத்துக்கு வாரிசுன்னு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் வெண்மதி.

பாலகுமார் முன்னால் வந்தான். "நான்தான் மேடம். என்னய அவரு பெத்த புள்ளயாத்தான் நெனச்சாரு. 'இந்த வீடு உனக்குத்தான்டா பாலு'ன்னு வாயாலயே சொல்லிட்டாரு."

கடை வாசலில் நின்றிருந்த அருள்மொழி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிங்காரம் வீட்டை யாருக்குக் கொடுக்க நினைத்தார் என்பது அவளுக்கும் தெரியும்.

சுப்பராயலு குதித்தார். "புளுவுறான்மா! புள்ளயாம் புள்ள! ஒரே செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு, மனுசன் செத்து நாறிக் கெடக்கறான், எலி செத்துப் போச்சின்னு வாசல்ல பினாயில் ஊத்துன ஆளுமா இவன். தெருவையே கேட்டுப் பாருங்க. இந்த ஒலகத்துல எந்தப் புள்ளயாச்சும் அப்பன் நாத்தத்துக்குப் பினாயில் ஊத்துவானா?"

தெருவில் ஒருவரும் அதை மறுக்கவில்லை. டீ குடித்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

வெண்மதி பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு பேரும் கேளுங்க. புள்ள இல்லாத பெரியவங்கள, அவுங்க சொத்து நாளைக்கி எந்தச் சொந்தக்காரங்களுக்குப் போவுமோ அவுங்கதான் பாத்துக்கணும்னு சட்டம் இருக்குது. சோறு, மருந்து, எல்லாம். வாரிசுன்னு சொன்னா எழுதிக்கறேன். ஆனா அப்பிடி எழுதுனா, பெரியவரப் பாக்காம விட்டவரும் இவருதான்னு அடுத்த வரியில எழுதணும். ரெண்டயும் சேத்துக் கையெழுத்துப் போடுறீங்களா?"

சுப்பராயலு துண்டால் மொட்டைத் தலையைத் துடைத்தார். "எனக்கு எதுக்குமா ஊரு வம்பு? அக்கா போனதோட ஒறவு போச்சி" என்று முணுமுணுத்தபடி கூட்டத்துக்குள் பின்வாங்கினார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை.

பாலகுமார் மட்டும் நின்றான். வீடு வேண்டுமென்றால், அப்பனைச் சாகவிட்ட மகன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மகன் இல்லை என்றால், வீடு இல்லை. அவன் அருள்மொழியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அந்த வீட்டின் உடைந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க சார். நீங்க அவருக்கு என்ன ஒறவு?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றான் பாலகுமார். "எனக்குத் தரேன்னு அவரு சொல்லவே இல்ல. கடலூர்ல அவரு வளந்த இல்லத்துக்கு எழுதி வெக்கணும்னு இருந்தாரு. சாட்சிக்கு என்னயத்தான் கூப்புட்டாரு. ஆடி ஆவணின்னு நாந்தான் இழுத்தடிச்சேன். எழுதாமயே போயிட்டா எனக்கு வந்துரும்னு நெனச்சேன். அப்பறம் அவரு மூஞ்சியப் பாக்கக் கூச்சமா இருந்திச்சி. பாக்கறத நிறுத்திட்டேன். கொழம்பு குடுக்கறதயும் நிறுத்தச் சொன்னேன். அதனாலதான் அவரு செத்தது எனக்குத் தெரியல. நாத்தம் வந்தப்பறமும் எனக்குத் தெரியல."

தெரு மொத்தமும் கேட்டது. அவன் தினமும் கடை திறந்து, இதே முகங்களுக்குத்தான் பல்பு விற்க வேண்டும். ஆனாலும் பாதியில் நிறுத்த அவனால் முடியவில்லை.

"இப்ப நான் சாட்சி சொல்றேன் மேடம். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். அந்த இல்லத்துக்கே குடுத்துருங்க."

வெண்மதியின் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "முடியாது சார். அவரு உசுரோட இருந்து, அவரு கையெழுத்துப் போட்டு, அதுக்கு நீங்க சாட்சி போட்டிருந்தா நடந்திருக்கும். செத்தவரு என்ன நெனச்சாருன்னு நீங்க இப்ப சொல்றது உயிலாவாது. வாரிசு யாரும் இல்லன்னு நான் எழுதப்போறேன். நோட்டீஸ் ஒட்டுவோம். உண்மையான சொந்தம் யாரும் வரலன்னா, கலெக்டர் ஆபீசுக்குப் போயி அரசாங்கச் சொத்தா ஆயிடும்."

கதவுக்குப் புதுப்பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள். தெரு மெல்லக் கலைந்தது. 'சும்மா இருந்த வீடு சர்க்காருக்குப் போச்சே' என்றுதான் அவர்களும் வருத்தப்பட்டார்கள். அந்த ஐம்பது மருமகன்களில் ஒருவருக்கும் வேறு வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலகுமார் அருள்மொழியைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் போனான். இல்லத்தை நடத்துகிற பொன்னி அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

பொன்னி அம்மாவுக்குச் சிங்காரம் இறந்ததே தெரிந்திருக்கவில்லை. கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாசாமாசம் வந்துருவாருங்க. ஃபேனு, மோட்டாரு எது ரிப்பேர் ஆனாலும் அவரேதான் கழட்டி மாட்டுவாரு. பசங்களோட தரையில ஒக்காந்து சாப்புடுவாரு. கொஞ்ச நாளா காணும். முடியாமப் போயி யாரோ பாத்துக்கறாங்க போலன்னு நாங்களே நெனச்சிக்கிட்டோம். ஒரு போன் பண்ணலீங்க நானு. ஒரே ஒரு போனு."

பாலகுமார் எல்லாவற்றையும் சொன்னான். வீட்டைப் பற்றியும், உயிலைப் பற்றியும், தான் செய்ததைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னான். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. பொன்னி அம்மா திட்டவில்லை.

"பதினெட்டு வயசானா பசங்க இங்கேர்ந்து வெளிய போவணும் சார். போறதுக்கு எடம் இருக்காது. ஒரு வேல கெடைக்கற வரைக்கும் வந்து தங்கிக்க அந்த வீடுன்னு சொல்லிட்டிருந்தாரு. அவருக்கும் அந்த வயசுல போவ எடமில்லாம பஸ் ஸ்டாண்டுலதான் படுத்திருந்தாராம்." பிறகு சொன்னார்: "போவட்டும். வீட்டுக்கு ஆளில்லன்னா அரசாங்கம் வந்து பூட்டிக்குது. மனுசனுக்கு ஆளில்லன்னா யாரு வரா? பக்கத்து வீடுதான் வரணும், இல்லன்னா என்னய மாதிரி தெரிஞ்சவங்க வரணும். நாம யாரும் வரல."

அருள்மொழி வாய்விட்டு அழுதாள். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். பாலகுமார் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த வீட்டுக்கு வாரிசு ஆவறதுக்கு நான் அலையாத எடமில்லம்மா" என்றான். "அந்த மனுசனுக்கு வாரிசா இருந்திருக்கலாம். அதுக்கு எவனும் எங்கிட்ட சர்டிபிகேட் கேட்டிருக்க மாட்டான்."